எடை பாராத எண்ணிக்கை: விஸ்கான்சின் மாநிலத்தில் மதுவும் மோட்டாரும்



மதுபோதையில் வாகனம் ஓட்டுவோரை அமெரிக்கர் எவ்வாறு தண்டிக்கின்றனர், நாம் எவ்வாறு தண்டிக்கிறோம் என்று இரு தேசங்களையும் ஒப்பிட்டுப் பேசும்படி இச்சொற்பொழிவின் அமைப்பாளர்கள் என்னை அன்போடு கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பணியை நான் ஏற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நாணயம். இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் அபராதத் தொகையையும் சிறைவாசத்தின் நாட்களையும் கூட்டிக் கழித்து, இது கடுமை, அது தயவு என்று தீர்ப்புச் சொல்லித் திருப்தியடைந்துவிடுகிறார். ஒரு சட்டத்தின் சுபாவமோ, மனிதனுடைய சுபாவத்தைப் போலவே, அது எவ்வளவு கோபிக்கிறது என்பதில் தெரிவதைவிட, எதைக் கண்டு கோபிக்கிறது என்பதிலே அதிகமாகத் தெரிகிறது. ஆகையால், ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது சட்டம் இருக்கிற அந்த நாட்டில், மேடிசன் நகரில் ஓராண்டு தங்கியிருந்தபோது நான் பக்கத்தில் இருந்து பார்த்த விஸ்கான்சின் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

நான் நிறுவ விரும்பும் கருத்தும் ஒன்றே. மது அருந்திவிட்டு வண்டி ஓட்டும் காரியத்தை விஸ்கான்சின் சட்டம் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதைச் செய்த மனிதனை, இது எத்தனையாவது தடவை என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறது. அதனுடைய தயவும் கொடுமையும், சில சமயங்களில் அதில் தென்படும் வேடிக்கையும், அந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

1

அங்கே இந்தச் செயலை ஓ.டபிள்யூ.ஐ. என்ற மூன்றெழுத்தால் குறிப்பிடுகிறார்கள். போதையில் ‘ஓட்டுதல்’ என்று சொல்லாமல் ‘இயக்குதல்’ என்று சட்டம் வேண்டுமென்றே சொல்லுகிறது. மதுக்கடை வாசலில் நிற்கும் காரில் ஏறி, ஜனவரி மாதத்துக் குளிருக்கு அஞ்சி இன்ஜினை முடுக்கிவிட்டு, ஓரடிகூட நகராமல் உட்கார்ந்திருப்பவனும் இந்தச் சொல்லுக்குள் அகப்பட்டுக்கொள்வான். இவ்வளவு நுணுக்கமாக வலை பின்னிய சட்டம், அகப்பட்டவனை முதல் தடவை என்ன செய்கிறது என்பதை நான் ஒரு சிற்றூரின் நகராட்சி நீதிமன்றத்தில் பார்த்தேன்.

நீதிமன்றம் மாலையில் கூடியது. அன்றைய பட்டியலில், பனியை வாரும் நாளில் தெருவில் வண்டி நிறுத்தியவர், நாயைக் கட்டாமல் விட்டவர், வேகமாக ஓட்டியவர் என்று பதினைந்து இருபது பேர் இருந்தனர். நகராட்சி நீதிபதி வழக்கறிஞராக இருந்தே தீர வேண்டும் என்று அம்மாநிலத்தில் விதி கிடையாது; ஊரார் தேர்ந்தெடுத்தால் போதும். நாய்க்காரரை அடுத்து, தொழிற்சாலைச் சட்டையோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து நின்றார். மூச்சுப் பரிசோதனையில் அவருக்கு வந்த அளவு 0.17, அனுமதிக்கப்பட்ட எல்லையைப் போல் இரண்டு மடங்கு. அவர் தம்மிடம் எதிர்வாதம் எதுவும் இல்லை என்றார். நீதிபதி ஒரு தாளைப் பார்த்து, இது முதல் தடவைதானே என்று எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் ஆமென்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் செய்தது குற்றமே அல்ல என்பதும், அவருக்கு ஒரு நாள்கூடச் சிறை கிடையாது என்பதும், 150 டாலரிலிருந்து 300 டாலருக்குள் ஓர் அபராதமும், ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் உரிமம் ரத்தும் மட்டுமே அவருக்கு உரியவை என்பதும் அந்த ஒரு கேள்விக்கான விடையிலேயே அடங்கியிருந்தன. 0.15-க்கு மேல் போனதனால், ஊதினால்தான் இன்ஜின் கிளம்பும் கருவி ஒன்றைத் தம் வண்டியில் அவர் பொருத்திக்கொள்ளவும் வேண்டியிருந்தது. ரத்தான உரிமத்துக்குப் பதிலாக, வேலைக்குப் போய்வர வாரத்துக்கு அறுபது மணி நேரம் ஓட்டும் தொழில் உரிமத்துக்கு அவர் மறுநாளே மனுப் போடலாம். ஏழு நிமிஷத்தில் அடுத்த பெயர் கூப்பிடப்பட்டது.

முதல் தடவையைக் குற்றமென்று சொல்லாத ஒரே மாநிலம் இதுதான் என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மையன்று. நியூ ஜெர்சியும் அதைப் போக்குவரத்து விதிமீறல் என்றே அழைக்கிறது. ஆனால் அங்கே முதல் தடவைக்கே 30 நாள் வரை சிறை வைக்க இடமுண்டு. பெயரிலும் சிறையிலும் ஒருசேரக் கை விட்டது விஸ்கான்சின்தான்.

இனி ஏணியின் மேற்படிகளைப் பாருங்கள். பத்தாண்டுகளுக்குள் இரண்டாம் தடவை அகப்பட்டால் அதே செயல் குற்றமாகிவிடுகிறது. ஐந்து நாளிலிருந்து ஆறு மாதம் வரை சிறை. மூன்றாவதற்கு 45 நாளுக்குக் குறையாமல் ஓராண்டு வரை. நான்காவது, 2017-ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து பெருங்குற்றம். ஆறு ஆண்டு வரை சிறை. ஐந்தும் ஆறும் பத்தாண்டு வரை. பத்தாவதும் அதற்கு மேலும் போனவனுக்குப் பதினைந்தாண்டு. மூன்றாம் தடவை முதற்கொண்டு பத்தாண்டுக் கணக்கெல்லாம் இல்லை. 1989 ஜனவரி முதல் தேதிக்குப் பின் நடந்தவை அனைத்தும் ஆயுள் முழுவதும் கணக்கில் நிற்கின்றன. மூன்று தடவை அகப்பட்டவனுக்கு 0.08 என்ற பொது எல்லையும் பறிபோய், 0.02 என்ற தனி எல்லை வந்துவிடுகிறது. ஒரு குவளை பீர் அருந்திய இவன் குற்றவாளி, 0.17-ல் ஓட்டிய அந்தத் தொழிற்சாலைக்காரர் குற்றவாளி அல்லர்.

எடையே அச்சட்டத்தில் நுழையவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 0.17-க்கு மேல் அபராதம் இரட்டிக்கும், 0.20-க்கு மேல் மும்மடங்காகும், 0.25-க்கு மேல் நான்கு மடங்காகும் என்று ஒரு தராசும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தராசை வெளியே எடுப்பது மூன்றாம் தடவை முதல்தான். வண்டியில் பதினாறு வயது நிரம்பாத குழந்தை ஒன்று உடனிருந்தால், முதல் தடவையே குற்றமாகிவிடுகிறது. ஓர் உயிர் போய்விட்டாலோ முதல் தடவையே பெருங்குற்றம். 25 ஆண்டு வரை சிறை; முன்பே கணக்கு உள்ளவனுக்கு 40 ஆண்டு வரை.

2

இந்தத் தயவு எங்கிருந்து வந்தது? ஜெர்மானியர் குடியேறிய ஊர் அது. ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ், மில்லர் என்ற பீர் ஆலைகளால் மில்வாக்கி நகரம் உலகப் பிரசித்தி பெற்றது. அமெரிக்காவின் மதுவிலக்கை முடித்துவைத்த 21-ஆம் அரசியல் சாசனத் திருத்தத்துக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் விஸ்கான்சின் செனட்டர் ஜான் பிளெய்ன்தான். அங்கே மதுக்கடை என்பது நம் மனத்தில் எழும் சாராயக் கடையன்று. வெள்ளிக்கிழமை மாலை பொரித்த மீனுக்காகக் குடும்பத்தோடு போகும் இடம். தாய் தந்தையரோடு வருகிற பிள்ளை இருபத்தொன்றுக்குக் கீழ்ப்பட்டவனாக இருந்தாலும் அங்கே அமர்ந்து குடிக்க அச்சட்டம் அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் என்றோ ஒரு நாள் அகப்படக்கூடும் என்று சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த ‘ஒரு நாளை’த்தான் சட்டம் மன்னித்துவைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பணத்தின் போக்கையும் பார்க்கலாம். 31 காலன் கொண்ட ஒரு பீப்பாய் பீருக்கு அம்மாநிலம் விதிக்கும் வரி இரண்டு டாலர். 1969 முதல் அது அசையவில்லை. முதல் தடவை அகப்பட்டவரின் அபராதம் உச்சத்தில் 300 டாலர்தான் என்றேன். அதன்மேல் போடப்படும் கூடுதல் கட்டணம் 435 டாலர். அசலைவிட வட்டி பெரிதாக இருக்கிறது! அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி, மதுக்கடைக்காரர் சங்கம் நடத்தும் ஒரு திட்டத்துக்குப் போகிறது: குடித்தவரைக் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுகிற திட்டம். அகப்பட்டவனுடைய பணத்தில் அகப்படாதவன் சௌகரியமாக வீடு சேருகிறான். நான் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை; நல்ல திட்டம்தான்.

சாலையை மறித்து வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்தி ஓட்டுகிறவரிடம் போதையின் அறிகுறி உண்டா என்று பார்க்கும் வழக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம், மிச்சிகனிலிருந்து வந்த வழக்கொன்றில், 1990-இல் அனுமதித்துவிட்டது. விஸ்கான்சின் தன் போலீசாருக்கு அதைச் சட்டத்தாலேயே தடை செய்திருக்கிறது.

3

இப்போது நான் சொல்லப்போகும் சம்பவத்தில்தான், முதல் தடவையைக் குற்றமென்று சொல்லாததன் முழு விலையும் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

1978-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு, மேடிசனில் மழை பெய்துகொண்டிருந்தது. தாறுமாறாகப் போன ஒரு கார் சாலையை விட்டு விலகி ஒரு வயலில் இறங்கி நின்றது. யாருக்கும் காயமில்லை, எந்தப் பொருளுக்கும் சேதமில்லை. பின்னால் வந்தவர் வண்டியை நிறுத்தினார். காரோட்டி அவரிடம் தம்மை வீட்டில் கொண்டுபோய் விடும்படி கேட்டார். அவர் உதவி வரும்வரை பொறுக்கச் சொன்னார். காரோட்டியோ மழையில் நடந்தே போய்விட்டார். போலீசார் வந்தனர், வண்டியின் பதிவைப் பார்த்து, உரிமையாளரின் வீடு நடந்து போகிற தூரத்தில் இருப்பதை அறிந்து, ஒன்பது மணியளவில் அங்கே போனார்கள். மனைவியின் மகள் கதவைத் திறந்தாள். போலீசார் மாடிக்கு ஏறி, படுக்கையில் ஆடையின்றிக் கிடந்தவரைக் கைது செய்தனர். கையில் நீதிபதியின் வாரண்ட் இல்லை. காவல் நிலையத்தில் அவர் மூச்சுப் பரிசோதனைக்கு இணங்க மறுத்தார்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வாரண்டுக்காகக் காத்திருந்தால் இரத்தத்திலுள்ள மது நேரம் போகப் போகக் கரைந்து, சாட்சியமே அழிந்துவிடும் என்று மாநிலம் வாதாடியது. விஞ்ஞானப்படி அந்த வாதத்தில் பிழையில்லை. ஆனால் 1984 மே மாதம் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன் கேட்ட கேள்வி வேறு: இந்தச் செயல் எவ்வளவு பாரதூரமானது என்று நாங்கள் எதைக் கொண்டு அளப்பது? மாநிலமே அதைக் குற்றமல்ல என்கிறது. சிறை கிடையாது என்கிறது. அன்றைக்கு இருந்த உச்சபட்ச அபராதம் 200 டாலர். இப்படி மாநிலமே இலேசாக மதித்த ஒன்றுக்காக ஒரு பிரஜையின் வாசஸ்தலத்துக்குள், அவனுடைய படுக்கையறைக்குள், இரவில் வாரண்ட் இல்லாமல் நுழைவதை அரசியல் சாசனம் பொறுக்காது. இதுதான் தீர்ப்பின் சாரம். தன்னுடைய தயவாலேயே மாநிலம் தன் வழக்கைத் தோற்றது.

மாணவ நண்பர்கள் இந்தத் தீர்ப்பை வீட்டின் அந்தரங்கத்தைக் காக்கும் தீர்ப்பாகப் படிப்பார்கள். அப்படிப் படிப்பது சரியே. நான் அதை வேறொரு விதத்திலும் படிக்கிறேன். வயலில் நின்ற காரிலிருந்து இறங்கியவர் எவ்வளவு குடித்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. இது அவருக்கு எத்தனையாவது தடவை என்பதும் கதவைத் தட்டிய போலீசாருக்குத் தெரிந்திருக்கவில்லை. எண்ணிக்கை தெரியாதபோது, குறைந்த எண்ணிக்கையை வைத்தே சட்டம் அவரை நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

4

எண்ணுவது என்று தொடங்கினால், எதையெல்லாம் எண்ணுவது என்ற கேள்வி உடனே பிறக்கிறது. நிலையத்தில் கருவியின் முன் ஒருவரை உட்காரவைத்து, அவர் வாயில் எதுவும் போடாமல் இருபது நிமிஷம் போலீஸ்காரர் கண்காணிக்கிறார்; அதற்கு முன், அல்லது அதன் இடையே, அச்சடித்த தாள் ஒன்றை அவருக்கு உரக்கப் படிக்கிறார்: பரிசோதனைக்கு இணங்க மறுத்தால் உரிமம் ரத்தாகும் என்பது அதன் உயிர்நாடி. முதல் மறுப்புக்கு ஓராண்டு. மறுப்பு எந்தக் குற்றத் தீர்ப்பும் அல்லவே. ஆனாலும் அதனால் நேரும் உரிம ரத்து, எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. குடித்ததை யாரும் நிரூபிக்காத ஒருவனுடைய கணக்கிலும் இப்படி ஒரு கோடு விழலாம். வாரண்ட் இல்லாமல் இரத்தம் எடுக்க மறுத்ததற்காக ரத்தான உரிமத்தைக் காட்டிப் பிற்காலத்தில் குற்றத் தண்டனையைக் கூட்டுவது சாசன விரோதம் என்று, 2022-இல்தான் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. மூச்சைத் தர மறுத்த கோடுகள் அப்படியே நிற்கின்றன.

எண்ணுவதில் பிசகினால் என்ன ஆகும்? ஓ கிளேர் நகரத்தில் நடந்தது இது. 1992-இல் ஒருவருடைய வழக்கை நகராட்சி முதல் தடவையென்றே நடத்தி முடித்தது; 1990-இல் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் அவர் ஒரு தடவை தண்டிக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை என்றால் அது குற்றவழக்கு. அதைச் சிவில் வழக்காக நடத்த நகராட்சிக்கு இடமில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், அவரே நீதிமன்றம் வந்து, நான் அன்றே இரண்டாம் தடவைக்காரராக இருந்தேனாகையால் அந்தத் தீர்ப்புச் செல்லாது என்றார். ஒருவர் தம் தண்டனையைக் குறைக்கத் தம் பழைய குற்றத்தைத் தாமே எடுத்துக் காட்டுகிறார்! தீர்ப்புச் செல்லாதென்றால் அவர் கணக்கில் ஒன்று குறைந்துவிடும் அல்லவா? கீழ்நீதிமன்றம் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டது. 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம், உரிய காலத்தில் ஆட்சேபிக்காதவர் இப்போது ஆட்சேபிக்கும் உரிமையை இழந்தார் என்று அதை மாற்றிவிட்டது. அவருடைய 1992 அப்படியே கணக்கில் நின்றது.

5

எல்லையைக் குறிக்கும் எண்ணைப் பற்றி ஒரே வார்த்தை. 1939-இல் இண்டியானா சட்டமாக்கியபோது அது 0.15; அதிலிருந்து படிப்படியாக இறங்கி இன்று பெரும்பாலான மாநிலங்களில் 0.08, அதாவது நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் எண்பது மில்லிகிராம். விஸ்கான்சின் தன் விவேகத்தால் அங்கே போய்ச் சேரவில்லை. 0.08-ஐ ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் பிடித்தம் செய்யப்படும் என்று 2000-ஆம் ஆண்டில் மத்திய சட்டம் வந்தது. பிடித்தம் 2003 அக்டோபர் முதல் தேதி தொடங்கவிருந்தது. விஸ்கான்சினின் புதிய எல்லை அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 30. மது வாங்க இருபத்தொரு வயது ஆக வேண்டும் என்ற சட்டத்துக்கும் இதே கதைதான்; ஒரு மாத அவகாசம் அதிகம், அவ்வளவே.

6

கடைசியாக, இந்தச் சபையில் சிலருக்காவது நெருக்கமான ஒரு விஷயம். சென்னையில் விசா பெற்று, மில்வாக்கியிலோ மேடிசனிலோ கணிப்பொறி வேலை பார்க்கிற இளைஞர்கள் இப்போது நிறைய. அவர்களில் ஒருவன் இரண்டு நண்பர்களோடு குடித்துவிட்டு ஓட்டி அகப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி நீதிமன்றத்தில் அவனும் எழுந்து நிற்கிறான்; எழுத்தர் தலையசைக்கிறார்; அபராதத்தைக் கட்டிவிட்டு, நான் குற்றவாளியல்லன் என்ற நிம்மதியோடு அறைக்குத் திரும்புகிறான். விஸ்கான்சின் சட்டப்படி அவன் நினைப்பது முழுக்க நியாயம்.

ஆனால் மாநிலம் சூட்டிய பெயர் மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. கானடா 2018 டிசம்பரிலிருந்து, போதையில் ஓட்டுவதைப் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக உயர்த்தியிருக்கிறது. எல்லையில் நிற்கும் கானடா அதிகாரி, அச்செயலுக்கு விஸ்கான்சின் என்ன பெயரிட்டது என்று கேட்பதில்லை. தன் தேசத்தில் அது என்ன என்பதையே பார்க்கிறார். அமெரிக்க வெளியுறவு இலாகாவோ அதற்கும் ஒருபடி முன்னே போகிறது. தீர்ப்புக்காக அது காத்திருப்பதில்லை. கைது ஒன்றே போதும் என்று, கடந்த ஐந்தாண்டுக்குள் இப்படிக் கைதானவரின் விசாவை ரத்து செய்யும் வழக்கத்தை 2015 முதல் வைத்திருக்கிறது. உடனே நாட்டை விட்டுப் போகச் சொல்வதில்லை. வேலையும் பெரும்பாலும் தொடரும். அக்காளுடைய கல்யாணத்துக்காக ஒரு தடவை ஊருக்கு வந்தால்தான் தெரியும், திரும்பிப் போகப் புதிய விசா வேண்டும் என்று.

அந்த விசாவுக்குமுன் தூதரகம் நியமித்த டாக்டரிடம் அவன் போக வேண்டும். டாக்டர் மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, இரத்தம் எடுக்கச் சொல்லி, வாரத்துக்கு எத்தனை நாள் குடிக்கிறாய், ஒரு நாளைக்கு எவ்வளவு, அன்றைய இரவு எவ்வளவு, குடித்தபின் என்ன நடந்ததென்று ஞாபகமிருக்கிறதா, காலையில் கை நடுங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நகராட்சி நீதிமன்றத்தின் ஏழு நிமிஷத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்விகள் அவை. எல்லாவற்றுக்கும் அவன் சொல்லத் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்றே: “இது முதல் தடவைதான், டாக்டர்.” டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் கேட்கிறார், எவ்வளவு என்று.